வேப்பமரத்தடிக் கோட்பாடு: தீம் பார்க்கில் பெருங்குடும்பத்தின் முதல் நாள் பற்றி ஓர் ஆய்வு

கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பங்கள் விளையாடப் போகின்றன என்பது பரவலாக நிலவும் நம்பிக்கை. இந்நம்பிக்கை பிழையானது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். பத்துப் பேருக்கு மேற்பட்ட குடும்பம் பூங்காவுக்கு விளையாடப் போவதில்லை. ஒரு கட்டைப்பையைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு, மாலைவரை அந்தப் பைக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ராட்டினம், ரோலர் கோஸ்டர் எல்லாம் இந்தப் போக்குவரத்துக்கு நேரும் இடைஞ்சல்கள். இதுவே கருதுகோள். ஆய்வேடுகளின் வழக்கப்படி முடிவு முதலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. தரவு தேடித்தான் ஒருநாள் போய்வந்தோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் என்னுடையது. வேறு எந்தக் குடும்பமும் இசையவில்லை. ஊர் செய்யாறு. ஆட்கள் 17: அம்மா, அண்ணன், அண்ணி, நான், என் மனைவி, தம்பி, தம்பி மனைவி, அக்கா, மாமா, மாமாவைப் பெற்ற அத்தை, பிள்ளைகள் ஏழு. வயது 4 முதல் 76 வரை. களம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்கா. ஆய்வு அறம் கருதிப் பெயர் தரப்படவில்லை. காலம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை, ஆளைக் காணாதபோது கூவுமுறை ஆகிய மூன்றும் கையாளப்பட்டன.

முன்னாய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்; நீளமாகப் பார்க்க எனக்கே பொறுமையில்லை. நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் 1884இல் அமைத்த சரிவு ரயிலில், மணிக்கு ஆறு மைல் வேகத்தில் போக ஐந்து சென்ட் வாங்கினார்கள். செய்யாறு கடைத்தெருவில் மாமா ஸ்கூட்டர் ஓட்டும் வேகம் அது. அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை. நம் ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்புடையது 1893இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய ராட்டினம். உயரம் 264 அடி, கூண்டுகள் 36, கூண்டுக்கு 60 பேர். எங்கள் குடும்பம் மொத்தமும் ஒரே கூண்டில் ஏறிக்கொண்டு, மிச்சமிருக்கும் 43 இடத்தில் சம்பந்தி வீட்டாரையும் ஏற்றியிருக்கலாம். நாங்கள் பார்த்த ராட்டினத்தில் கூண்டுக்கு நான்கு பேர். பதினேழை நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. கூட்டுக்குடும்பம் சிதைந்ததற்குச் சமூகவியலார் ஆயிரம் காரணம் சொல்கிறார்கள்; ராட்டினக் கூண்டு சிறுத்துப்போனதை ஒருவரும் சொல்லவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. அந்த மீதி ஒருவர் யார் என்பது பின்னர் வரும்.

முதல் நாள் என்பது பூங்காவுக்கே ஆகாத நாள். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, கள்ளச்சீட்டோடு கூட்டம் உள்ளே புகுந்தது. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. செருப்புக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் அன்றே பகை தொடங்கிவிட்டது என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும்.

வேன் காலை 5:30க்குக் கிளம்பும் என்று அண்ணன் அறிவித்தார். 7:10க்குக் கிளம்பியது. இது தாமதம் ஆகாது. 5:30 என்று சொன்னால்தான் 7:10க்காவது கிளம்பும் என்பது எங்கள் வீட்டு மரபு. காஞ்சிபுரம் தாண்டியதும் அண்ணி தலை எண்ணினார். பதினெட்டு வந்தது. நம்பாமல் அண்ணன் எண்ணினார். பதினாறு வந்தது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் எண்ணிப் பார்க்கும்போது எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதாகப் பதறுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அதை முட்டாள்தனம் என்று சிரித்து வருகிறோம். களப்பணியில் தெரியவருவது வேறு. பெருங்குடும்பத்தில் எண்ணுகிறவனுக்குத் தன்னை எண்ண நேரம் இருப்பதில்லை. பதினாறுக்குக் காரணம் இதுவே. பதினெட்டுக்குக் காரணம், அண்ணி டிரைவரையும் சேர்த்து எண்ணியது. “அவரும் நம்மகூடத்தான வர்றாரு, அவர மட்டும் எப்படி விடறது?” என்று கேட்டார். இதற்கு ஆய்வுலகில் பதில் இல்லை.

நுழைவாயிலில் புளியோதரை பிடிபட்டது. வெளி உணவுக்கு அனுமதியில்லை என்பது அண்ணிக்கு முன்பே தெரியும். ஆகவே தூக்குச்சட்டிக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் கடைக்குட்டியின் ஜட்டிகள் என்று அரண் அமைத்திருந்தார். செக்யூரிட்டி எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. மூக்கை ஒருமுறை உறிஞ்சினார், அவ்வளவுதான். நல்லெண்ணெயும் பெருங்காயமும் சேர்ந்தால் ஜட்டி என்ன செய்யும்? தூக்குச்சட்டி வேனுக்குத் திரும்பியது. புறங்கையில் முத்திரை குத்திக்கொண்டு போனால் மதியம் வேனில் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்றார் செக்யூரிட்டி. நல்ல மனிதர். முத்திரையின் மை பற்றி அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

உள்ளே போய் நாற்பது அடி நடந்ததும் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றிச் சிமெண்ட் திண்ணை. அம்மா உட்கார்ந்துவிட்டார். “நீங்க போய்ட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கறேன்.” வாடகைக்கு லாக்கர் எடுக்கலாம் என்று தம்பி சொன்னதுதான் தாமதம், “ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், இரும்புப் பொட்டிக்குப் பணம் குடுப்பியா?” என்று கேட்டார். அந்தக் கணத்தில் பூங்காவின் மையம் நுழைவாயிலிலிருந்து வேப்பமரத்துக்கு இடம்பெயர்ந்தது. ஜவுளிக்கடை பெயர் அச்சடித்த அந்தக் கட்டைப்பையில் இருந்தவை: மாற்றுத்துணி, நான்கு துண்டு, கைமுறுக்கு ஒரு பொட்டலம், ஏழு செல்போன், மூன்று கண்ணாடி, மாமாவின் பிரஷர் மாத்திரை, சுருக்குப்பையில் அக்காவின் வளையல்கள், அனைவரின் நுழைவுச்சீட்டும். சுருங்கச் சொன்னால், குடும்பம் பையில் இருந்தது. வெளியே ஓடிக்கொண்டிருந்தவை வெறும் உடல்கள்.

இனி வரிசை. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை, நிமிடத்துக்கு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதையும் ஒருவர் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பதையும் பெருக்கினால் வருவது. ரோலர் கோஸ்டரில் நடைக்கு 24 பேர், நடைக்கு நான்கு நிமிடம். ஆக நிமிடத்துக்கு ஆறு பேர். எனக்கு முன்னால் 240 தலை. நாற்பது நிமிடத்தில் ஏறிவிடலாம் என்று தம்பி மகளுக்கு விளக்கினேன். 1 மணி 25 நிமிடம் ஆயிற்று. விதியில் பிழையில்லை. நான் ஒரு தலை என்று எண்ணியது ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் நுனி. எனக்கு முன்னால் ஒரு பையன் தனியாக, பரம சாதுவாக நின்றிருந்தான். படியருகே போனதும் எட்டுப் பேர் கம்பிக்கு அடியில் நுழைந்து அவனோடு சேர்ந்துகொண்டார்கள். “எடம் போட்டு வெச்சிருந்தான் சார்.” இது பஸ்ஸா, ஜன்னல் வழியாகத் துண்டு போட, என்று வன்மையாகக் கண்டிக்கத் தொடங்கினேன். அதே நேரம் எங்கள் வீட்டார் பதினொரு பேர் எனக்குப் பின்னால் கம்பிக்கு அடியில் குனிந்து வந்துகொண்டிருந்ததால் கண்டனத்தைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது.

வரிசைக் கணிதம் பிறந்ததே தொலைபேசியால்தான். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் இருந்த ஏர்லாங் என்ற டென்மார்க்காரர், அழைப்புகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்து விழுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1909இல் கட்டுரை எழுதினார். ஏழு போனை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாவை அவர் பார்த்திருந்தால் கட்டுரையோடு நிறுத்தியிருக்க மாட்டார். பதினேழு பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 136 இணை வரும். அந்த 136 இணைக்கும் ஒரே எக்ஸ்சேஞ்ச் அவர். போனைப் பையில் போடாத இரண்டு பேர், போட்ட ஏழு பேரையும் மாற்றி மாற்றி அழைத்தார்கள். பச்சையைத் தள்ளினால் பேசலாம் என்பது அம்மாவுக்குத் தெரியும். எது யாருடைய போன் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் எழவில்லை. எந்தப் போன் அடித்தாலும் எடுத்து, “அவன் தண்ணியில இருக்கான். நீ சாப்ட்டியா?” என்றார். நடுவே என் அலுவலக மேலாளர் அழைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு நான் தண்ணியில் இருக்கும் செய்தி அவருக்கும் அதே சொற்களில் தெரிவிக்கப்பட்டது. திங்கட்கிழமை நடந்தவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளன.

உயரம் பற்றித் தனி இயலே எழுதலாம். ரோலர் கோஸ்டர் வாசலில் 140 செ.மீ. என்று ஒரு கோடு. அண்ணன் மகன் காலையில் முதல் வேலையாக அதன் அருகே போய் நின்று பார்த்தான், மயிரிழையில் தேறினான். பிறகு மற்ற ரைடுகளுக்கெல்லாம் ஓடிவிட்டு, கடைசியில் எங்களோடு கம்பிக்கு அடியில் நுழைந்து இங்கே வந்தபோது மணி மூன்று. தேறவில்லை. பையன் அழுதான், அண்ணன் பூங்கா ஊழியரோடு சண்டைக்குப் போனார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. படுத்து எழுந்த காலையில் முதுகெலும்பு வட்டுகள் ஊறி உப்பியிருக்கும். நாள் முழுக்க நிற்க நடக்க அவை அமுங்கி, மாலைக்குள் மனிதன் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைவான். அந்த ஒரு செ.மீ.யைப் பையன் மற்ற வரிசைகளில் செலவழித்துவிட்டிருந்தான். நான் இதை விளக்கியபோது அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை ஆய்வேட்டில் பதிவுசெய்ய இயலாது.

வேவ் பூலுக்குள் பருத்தித் துணிக்கு அனுமதியில்லை. பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடையை வாடகைக்குத் தருகிறார்கள். அக்காவும் அண்ணியும் திருமணத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கால்சட்டையில் ஒருவரையொருவர் பார்த்து, சிரிப்பு அடங்காமல் கரையிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். குளத்தின் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் உண்டு. அவற்றில் காற்றை அடித்து நீரை அமுக்கி அமுக்கி விட, அலை எழுகிறது. அலை முக்கால் மணி நேரத்தில் இரண்டு காரியங்களைச் செய்தது. கடைக்குட்டியைக் கடலுக்குப் பயப்படாதவன் ஆக்கியது. எங்கள் புறங்கைகளிலிருந்து முத்திரைகளைத் துடைத்து எடுத்துக்கொண்டது.

பகல் ஒன்றேகாலுக்கு அண்ணியும் தம்பியும் புளியோதரைக்காக வெளியே போனார்கள். போவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. திரும்பும்போது செக்யூரிட்டி கையைக் காட்டச் சொன்னார். கை வெள்ளையாக இருந்தது. சரி, டிக்கெட்டைக் காட்டுங்கள் என்றார். டிக்கெட் பையில். பை அம்மாவிடம். அம்மா உள்ளே. அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் தம்பியின் போனும் பையில். அண்ணி தன் போனிலிருந்து தம்பியின் எண்ணுக்கு அடித்தார். அம்மா எடுத்தார். “அவன் தண்ணியில இருக்கான். நீ சாப்ட்டியா?” பக்கத்தில் நின்ற தம்பி போனைப் பிடுங்கி, “அம்மா, நான்தாம்மா பேசறேன்” என்றான். “தண்ணியிலருந்து எப்படிடா பேசற? போன் கெட்டுப்போவும், வை” என்று துண்டித்துவிட்டார். தருக்க நூலார் இதைச் சக்கரக் குற்றம் என்பார்கள். அரை மணி நேரம் கழித்து மாமா தற்செயலாக வாசல்பக்கம் வந்ததால்தான் சக்கரம் உடைந்தது. மூன்று தவணையாக வேனுக்குப் போய்ச் சாப்பிட்டோம். புளியோதரை அபாரம், எங்களுக்கு முன்பே டிரைவர் சாப்பிட்டு முடித்துச் சான்றளித்திருந்தார்.

மாமாவின் வயிறு பற்றி ஒரு குறிப்பு. சாப்பிட்ட கையோடு கோபுரத்திலிருந்து விழும் ரைடில் ஏறினார். ஆளும் இருக்கையும் ஒரே வேகத்தில் விழும்போது இருக்கை ஆளைத் தாங்குவதில்லை, வயிறு தன் உள்ளடக்கத்தைத் தாங்குவதில்லை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாற்றுத்துணி பையில் இருந்தது. மாமாவும் பைக்குத் திரும்பினார். கருதுகோள் மேலும் வலுப்பெற்றது.

மீதி ஒருவருக்கு வருகிறேன். கணக்குப்படி அது மரத்தடியில் இருந்த அம்மா. ஆனால் மற்றவர்கள் ராட்டினத்தில் ஏறியபோது அத்தையும் கீழே நின்றுவிட்டார் என்று நினைத்தோம். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. அம்மாவோடு மரத்தடியில் இருப்பார் என்று நாங்கள் இருந்தோம். எங்களோடு இருப்பார் என்று அம்மா இருந்தார். அவரோ மூன்று பேராக வந்த குடும்பங்களைப் பார்த்து, காலியாக இருந்த நான்காவது இடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார், ஒருமுறை அல்ல, ஐந்துமுறை. கடைசியாக அவரோடு சுற்றிய ஒரு தாம்பரம் குடும்பம் அவருக்கு பாப்கார்னும் வாங்கிக் கொடுத்திருந்தது. பதினேழு பேரில் அதிக ரைடு போனவர் அத்தை. ஒன்றுகூடப் போகாதவர் அம்மா. இருவரும் வேனில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். மேலேயிருந்து கடல் தெரிந்ததா என்று அம்மா கேட்டார். தெரிந்தது, மரத்தடியில் நீங்கள் உட்கார்ந்திருந்ததும் தெரிந்தது என்றார் அத்தை.

இரவு ஏழு மணிக்கு வேன் வாசலில் நான் எண்ணினேன். முன்பாடம் கற்றவனாகையால் என்னையும் சேர்த்து எண்ணினேன். பதினேழு. டிரைவரோடு பதினெட்டு. பை ஒன்று. போன் ஏழு. அச்சரப்பாக்கம் வரை போய்விட வேண்டாம், செங்கல்பட்டில் திரும்புங்கள் என்று டிரைவருக்கு வழி சொல்லிவிட்டுக் காலை நீட்டியபோதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் எண்ணியவன் தன் செருப்பை எண்ணவில்லை. இடது காலில் ஒன்றும் இல்லை.

பழுப்பு நிறம், எட்டாம் நம்பர், வார் ஒருமுறை தைத்தது. வேவ் பூல் வாசல் ரேக்கில் கண்டெடுத்தவர்கள் அந்த வேப்பமரத்துத் திண்ணையில் வைத்துவிட்டால் போதும். பள்ளி திறப்பதற்குள் இன்னொருமுறை போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.