வைக்கோலும் மூலதனமே

கேள்வி: நலிந்த ஆலையை மீட்க முதலில் வேண்டுவது பணமா, தலைமையா? இலங்கையின் வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் வரலாறு என்ன சொல்கிறது?

பதில்: பணத்தை எப்போது, எதில் இடுவது என்று தீர்மானிக்கும் தலைமையே முதலில் வேண்டும், அது இல்லாத இடத்தில் கொட்டும் பணம் ஓட்டைக் குடத்து நீராகும். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வித்திடப்பட்டு, 1950களில் உற்பத்தியில் இறங்கிய இந்த ஆலை, மட்டக்களப்பு வயல்களின் வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் கூழாக்கிக் கடதாசி செய்தது. அறுவடை சில வாரங்களில் முடிந்துவிட, இயந்திரமோ ஆண்டு முழுவதும் வைக்கோல் கேட்பதால், அதை உரிய பருவத்தில் வாங்கி மழையில் நனையாமல் அடுக்கிவைக்கக் கையில் பணம் வேண்டும். மூலப்பொருள், கூலி, மின்சாரம் முதலிய அன்றாடச் செலவுக்கான இத்தொகையே நடைமுறை மூலதனம் எனப்படும். அது வற்றினால் புதிய இயந்திரமும் வெறும் இரும்பே. 1977இன் திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதிக் கடதாசியின் போட்டியும், பின்னர் உள்நாட்டுப் போரும் ஆலையை நலிவடையச் செய்தன. ஆகவே, மீட்க வருபவர் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்குமுன், ஒரு தொன் கடதாசியின் அடக்கவிலையையும் அதை வாங்குவோரையும் உறுதிசெய்ய வேண்டும். அறுவடை நாளில் உழவனுக்கு வைக்கோல் விலையைத் தவறாது கொடுக்கும் ஆலையே நிலைக்கும்.