தானாகவே படித்த பிள்ளை

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் களப்பு கடலோடு சேருகிற இடத்தில், நீரோட்டம் எந்த நேரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அங்கே வலை வீசுகிறவர்களுக்குத் தெரியும். குளிக்க வருகிற வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம் அப்படி வந்த ஒரு பொடியனைக் கரையில் இழுத்துப் போட்டதைப் பார்த்தேன். வாயெல்லாம் மண்ணும் நுரையும். "நாநா, ஓட்டோவத் திருப்புங்க!" என்று ஒருவர் கத்தி முடிக்குமுன் ஓட்டோ திரும்பிவிட்டது. நிலாவெளிப் பக்கம் ஹோனை அமத்தியபடியே பறந்தார் அந்த மனிதர். பின் சீற்றில் இருந்தவர் பொடியனை மடியில் மல்லாத்தி வைத்து, தலையைத் தடவிக்கொண்டே போனார்.

பொடியன் பிழைத்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து ஓட்டோக்காரர்களை நான் புகழாத இடமில்லை. மூச்சு இருந்தால் ஆளை ஒருக்களித்துக் கிடத்த வேண்டும், இல்லையென்றால் கக்கியது நெஞ்சுக்குள் இறங்கிவிடும். இதை அவர்களுக்கு இத்தனை வருடத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலே ஓர் உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களே, அவர்களைப் புகழாமல் யாரைப் புகழ்வது?

1990 என்ற அம்புலன்ஸ் அழைப்பு இலக்கத்தையும் மனதாரப் புகழ்கிறேன். 2016 ஜூலையில் இந்திய நன்கொடையோடு, 88 வண்டிகளுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய சேவை, 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் போனது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்று ஒரு மன்றத்தையே உண்டாக்கியது. காசு கேட்காது, ஆள் யாரென்று பார்க்காது. கைச்சங்கிலியைக் கழற்றி அடகு வைத்து வாகனம் பிடித்த காலத்தை நினைவு வைத்திருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த வண்டிக்குள் இரண்டே பேர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் அவசர மருத்துவ உதவியாளர். வண்டி புறப்பட்ட பிறகு பின்னால் நோயாளியோடு இருப்பது ஒருவர்தான். இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். வழியில் இதயம் நின்றால், நெஞ்சை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஆள் மாற வேண்டும் என்கிறது பாடப்புத்தகம். யாரோடு மாறுவது? வளைவில் வண்டி சாயும்போது கம்பியைப் பிடிப்பதா, நெஞ்சைப் பிடிப்பதா?

ஆகவே பின்னால் தனியாக இருக்கும் அந்த உதவியாளர் பிள்ளையின் வாழ்நாளில், பக்கத்தில் ஒருவர் நின்று அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம் ஒன்றே ஒன்றுதான். அது மாணவனாக வைத்தியசாலையிலும் வண்டியிலும் பழகுகிற அந்தச் சில வாரங்கள். பிறகு தனிமைதான்.

எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று அப்படிப் பழகப் போயிருந்தது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். எதற்கும் சளைக்காத பிள்ளை. முதல் வாரத்திலேயே எந்த லிப்ற் எந்தத் தட்டில் நிற்காது, எந்த ட்ரொலியின் சில்லு இடப்பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இரத்தக் குப்பியை ஆய்வுகூடத்துக்கும், டிக்கெற்றை எக்ஸ்ரேக்கும் அவனை விட வேகமாக யாரும் கொண்டுபோனதில்லை. கடைசி நாள் மேற்பார்வையாளர் அவன் லொக் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்: மிகவும் உதவியான மாணவன். உண்மைதான். நான் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஊசிவழி போட்டது, சளி உறிஞ்சியது, ஒட்சிசன் கொடுத்தது, பிரசவத்தில் கூட நின்றது என்று எல்லாக் கட்டத்துக்கும் எதிரே ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே பின்னேரத்தில் போட்ட கையொப்பங்கள். எழுத்து அத்தனை அழகு. ஒரு கட்டம் கூட விடுபடவில்லை.

மேற்பார்வையாளரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மாணவன் மீது அவர் வைத்த நம்பிக்கை பெரியது. அவன் கெனுலா பிடிக்கும் கையை ஒருதரம் கூடப் பார்க்காமலே அவனுக்கு அது வரும் என்று நம்பினார். பெற்ற தாய்க்குக் கூட அவ்வளவு நம்பிக்கை இருக்காது.

அங்கே பயிற்சிப் பொம்மை ஒன்றும் இருந்ததாம். கண்ணாடி அலுமாரிக்குள், வாங்கிய நாளின் பொலித்தீன் உறை கழற்றாமல், நெஞ்சில் ஒரு கீறல் இல்லாமல். உடைந்துவிடும் என்று திறப்பைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பொதுச்சொத்தை இப்படிக் காப்பவர்களை நம் நாட்டில் காண்பது அரிது. அதியமானுக்குத் தூதாகப் போய், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் நின்ற ஔவையாருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அங்கே ஆயுதங்கள் நெய் பூசி மினுங்கின. அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அந்தக் கிழவி பொய்யாக ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கும் பொய் சொல்ல அவசியமில்லை.

பொம்மை கக்காது. நீரில் மூழ்கிய ஆளின் நெஞ்சை அமத்தினால் பெரும்பாலும் கக்குவான். சோறும் உப்புத் தண்ணியும் சேர்ந்து வரும். அப்போது கையை நிறுத்தி, ஆளைத் திருப்பி, வாயைத் துடைத்து, மறுபடி தொடங்க வேண்டும். வாய்க்குள் வைக்கிற சுவாசக் குழாயைக் கடைவாயிலிருந்து காது மடல் வரை அளந்து எடுக்க வேண்டும். அளவு பிசகினால் காற்றுப் போகிற வழியை அதுவே அடைத்துவிடும். மயக்கம் குறைவான ஆளுக்கு வைத்தால் அதுவே கக்க வைக்கும். இதெல்லாம் புத்தகத்தில் அரைப் பக்கம். கைக்கு வருவதற்கு, தோளுக்குப் பின்னால் ஒரு குரல் வேண்டும்: பொறு, இன்னும் வைக்காதே, இமையைத் தொட்டுப் பார்.

அந்தக் குரலின் பெறுமதியை ஓர் ஊர் அறிந்திருந்தது. அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க் நகரத்தின் ஹில் டிஸ்ற்றிக்ற் பகுதியில், வேலையில்லாமல் திரிந்த கறுப்பின இளைஞர்களைக் கூட்டி, 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். அவர்களைப் பழக்கியவர் பீற்றர் சாஃபர், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையை உலகுக்குப் பரப்பிய மயக்க மருந்து நிபுணர். ஏறக்குறைய முந்நூறு மணி நேரப் பயிற்சி. வகுப்பறையோடு விடவில்லை; சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் கூட்டிப்போய், உயிருள்ள ஆளின் தாடையை எப்படித் தூக்குவது என்று காட்டினார்கள். பிறகு வந்த நான்சி கரோலைன் என்ற பெண் வைத்தியர் அம்புலன்ஸிலேயே ஏறி அவர்களோடு திரிந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். அந்தச் சேவையை 1975இல் நகரமே மூடிவிட்டது, அது வேறு துக்கம். ஆனால் அங்கே ஒரு பெரிய வைத்தியர் ஒரு பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தன் வேலையாக நினைத்தார்.

நம் மாணவர்களுக்கு இன்னொரு திறமையும் உண்டு. வலியோடு கிடக்கும் குச்சவெளிக் கிழவி தமிழில் சொல்வதை, சிங்களம் மட்டும் தெரிந்த மாணவன் அவள் கை போகிற இடத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்கிறான். கொழும்புப் பக்கம் பழகப் போகிற நம் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படியே. நோவு எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்ற இரண்டு கேள்வியை இரண்டு மொழியிலும் கற்றுக் கொடுக்க எத்தனை மணி நேரம் ஆகும்? அந்தச் செலவையும் பிள்ளைகள் நமக்கு மிச்சம் பிடித்துத் தருகிறார்கள்.

என் புகழ்ச்சியைக் குறை எதுவும் கலக்காமல் நான் கொடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர். எனக்குத் தெரிந்த அந்தப் பிள்ளை பழகிய அதே இடத்தில் இரவு வேலைக்கு நின்ற ஒரு தாதி. வாட்டு நிறைய நோயாளிகள், அவர் ஒருத்தி. மாணவனைப் பழக்குவது அவர் வேலைப் பட்டியலில் இல்லை, அதற்கென்று சம்பளத்தில் ஒரு சதமும் இல்லை. ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு அவன் ஒரு முதியவருக்கு நாடி பிடித்து எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டு நின்றாராம். "தம்பி, நாடிய எண்ணுறீங்க, சரி. ஆளப் பாத்தீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதியவரின் கழுத்தடியில் குழி விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. உதடு நீலம். தாதி அவன் கையை எடுத்து அந்த நெஞ்சின் மேல் வைத்து, "மூச்ச எண்ணுங்க, முழு ஒரு நிமிசம். நான் மணிக்கூட்டப் பாக்கிறன்" என்றார். அவன் எண்ணினான். முப்பத்தாறு. கட்டில் தலைமாட்டை உயர்த்தி, ஒட்சிசன் முகமூடியைப் பொருத்தி, வார் காதில் வெட்டாதபடி எப்படி இழுப்பது என்று காட்டினார். டொக்டருக்கு அறிவிக்கும்போது எதை முதலில் சொல்வது என்றும் சொல்லிக் கொடுத்தார்.

"இன்னொண்டு காட்டுறன், வாங்க" என்று அவர் திரும்பும்போது வாட்டின் அந்தக் கோடியிலிருந்து யாரோ "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார். அந்த இன்னொன்று என்னவென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. லொக் புத்தகத்தில் அந்த இரவுக்கென்று ஒரு கட்டமும் இல்லை.