தொட்டிமீனின் அகால மரணம்: ஒரு காரண விசாரணை

நகரத்து இல்லங்களில் கூடத்து மூலையை அலங்கரிக்கும் கண்ணாடித் தொட்டியில், இரவு இரை தின்று உல்லாசமாய் உலவிய தங்கமீன், பொழுது விடிகையில் வயிறு மேலாக மிதக்குமாயின், அதன் காரணத்தை நிர்ணயிப்பதில் வீட்டாரிடையே ஒருபோதும் கருத்தொற்றுமை ஏற்பட்டதில்லை. பிரேத பரிசோதனைக்கு வழியில்லை, சாட்சிகளோ உறங்கிவிட்டனர். ஆகவே, சாஸ்திர மரபுப்படி பூர்வபக்ஷங்களை முதலில் உரைத்து, அவற்றைப் பரிசீலித்த பின் சித்தாந்தத்தை நிறுவுவதே உசிதமாகும்.

முதலாவது, திருஷ்டி மதம். வீட்டாருக்கு நேரவிருந்த ஆபத்தை மீன் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிர் நீத்தது என்பது இம்மதத்தாரின் துணிபு. அரோவானா என்னும் வாஸ்து மீனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியோரிடையே இதற்குச் செல்வாக்கு அதிகம். அந்த ஆபத்து யாது என வினவினால், வரவில்லையே, அதுவே அத்தாட்சி என்பர். இப்பிரமாணத்தை உடைக்கவல்ல தர்க்கம் இன்னும் பிறக்கவில்லை.

இரண்டாவது, பாலக மதம். அடுத்த வீட்டுச் சிறுவன் கண்ணாடியைத் தட்டினான், அல்லது பிஸ்கட்டைப் போட்டான். அவன் அன்று ஊரிலேயே இல்லை என்று ருசுவானாலும், சந்தேகம் அவனைவிட்டு அகலுவதில்லை.

மூன்றாவது, வணிக மதம்: நோயுற்ற மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது. இதற்குக் கடைக்காரர் கூறும் சமாதானம், "தண்ணி செட் ஆகல சார்" என்னும் ஒற்றைச் சூத்திரமே. அடுத்த மீனை விற்கும் உத்தேசத்துடன் உரைக்கப்பட்டதாயினும், சத்தியத்துக்கு மிகச் சமீபத்தில் நிற்பது அதுதான்.

இனி சித்தாந்தம். "நேற்றுத்தானே தொட்டியைக் காலி செய்து, கூழாங்கற்களைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசிப் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றினோம்!" என்று எல்லா மதத்தாரும் தம் நிரபராதத்துக்குச் சான்றாகக் கூறும் வாக்கியமே, உண்மையில், குற்ற ஒப்புதல் வாக்குமூலம். மீன் தன் செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியா என்னும் விஷத்தை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு பெருந்தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள், வீட்டார் அழுக்கென்று இகழும் அந்த ஸ்பாஞ்சிலும் கற்களிலுமே குடியிருக்கின்றன. அவை புதிதாகக் குடியேறிப் பெருகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் வேண்டும். குழாய்நீரின் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்குவதோடு இவற்றையும் மாய்க்கிறது. அன்றிரவு தப்பிய மீனையும், நிறமற்ற அம்மோனியா, நீரின் ஸ்படிகத் தெளிவுக்கு யாதொரு பங்கமும் விளைக்காமல், அடுத்த சில தினங்களில் முடித்துவிடுகிறது.

துலக்காமையின் பலனுக்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1850-ல் லண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர், தங்கமீன்களையும் நீர்த்தாவரத்தையும் ஒரே பாத்திரத்தில் வாழவைத்த பரிசோதனையை வெளியிட்டார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியபோது, அவர் பாத்திரத்தைத் துலக்க முற்படவில்லை. அவ்விலைகளைத் தின்னும் நத்தைகளைக் குடியேற்றினார். மீன்கள் பிழைத்தன.

ஆகவே, நீரில் கால்பங்கை மட்டும் மாற்றுக. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுக. எனினும் இச்சித்தாந்தம் நாட்டில் வேரூன்றுமென்ற நம்பிக்கை நமக்கில்லை. இதனை ஏற்றால் வீட்டுத் தலைவர் கொலையாளியாகிறார். திருஷ்டி மதத்தை ஏற்றாலோ, அவர் காப்பாற்றப்பட்டவராகிறார்.