பையில் இருப்பதையெல்லாம் கொட்டுங்கள்

கே: முதன்முறையாகச் சித்த மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

ப: நீங்கள் தினமும் விழுங்குகிற அத்தனையையும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கால்சியம், காலையில் கலக்கிக் குடிக்கும் வெந்தயப் பொடி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை. அட்டை அட்டையாக மேசையில் கொட்டுங்கள். இங்கிலீஷ் மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று மறைக்காதீர்கள். அதற்குக் கோபிக்கிற வைத்தியர் உங்களுக்கு வேண்டாம்.

கே: நாடியைப் பிடித்ததுமே நோயைச் சொல்லிவிடுவாராமே? (வாசகர், மதுரை)

ப: அதை நம்பி வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். எண்வகைத் தேர்வில் நாடி ஒன்றுதான். நா, நிறம், மொழி, விழி, தொடு உணர்வு, மலம், சிறுநீர் என்று இன்னும் ஏழு இருக்கின்றன. மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது வழக்கம். சிலர் விடியற்காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு நெய்க்குறி பார்ப்பார்கள். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். அந்தச் சொட்டு கண்ணெதிரே விரிவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் உங்கள் கிரியாட்டினின் எவ்வளவு என்பதை லேப்தான் சொல்லும். லேபுக்கும் எழுதிக் கொடுக்கிற சித்த மருத்துவர்மேல் எனக்கு மதிப்பு கூடும்.

மற்ற நேரமெல்லாம் கேள்விகள்தான். தூக்கம், பசி, மலம் இறுகலா இளகலா, மாதவிடாய் எத்தனை நாள்... கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள்.

கே: அசல் வைத்தியர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், ஓசூர்)

ப: பி.எஸ்.எம்.எஸ். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், தப்பில்லை. ‘சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கிறோம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் படியேறாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

கே: மூட்டுவலிக்கு ஒருவர் பொட்டலத்தில் பொடி தருகிறார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. தொடரலாமா? (வாசகி, விருதுநகர்)

ப: அம்மா, எனக்குப் பதறுகிறது. என் பெரியம்மாவும் இப்படித்தான் பெயரில்லாத ஒரு பொடியை வாங்கிச் சாப்பிட்டார். நான்காம் நாள் கைப்பிடியைத் தொடாமலே மாடி ஏறினார், வீடே கொண்டாடியது. இரண்டு மாதத்தில் முகம் உப்பி, கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. ‘சதை போட்டிருக்கு’ என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்பட்டவர் டாக்டர்தான். ரத்தத்தில் கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருந்தது. நீங்கள் இன்றே அந்தப் பொட்டலத்தோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். பயந்துபோய் நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம்; ஸ்டீராய்டாக இருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இனி, சேர்ந்த சரக்குகளின் பெயர், உரிம எண், தயாரித்த தேதி மூன்றும் அச்சிடாத மருந்தைக் கையால் தொடாதீர்கள்.

கே: மூலிகைதானே, பக்கவிளைவு ஏது? (வாசகர், சேலம்)

ப: அதிமதுரத்தை மாதக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் பூண்டு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பம், தாய்ப்பால், நாள் குறித்த ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: சூரணத்தைத் தேனில் குழைக்கச் சொல்கிறார். எனக்குச் சர்க்கரை இருக்கிறதே? (வாசகி, திருச்சி)

ப: அவரிடமே சொல்லுங்கள். மருந்தைக் குழைத்துச் சாப்பிடும் துணைப்பொருளான அனுபானம் ஒன்றே ஒன்று இல்லை. வெந்நீர், மோர், பால், நெய் என்று நோய்க்கும் ஆளுக்கும் தக்கபடி மாற்றுவார். பத்தியத்தையும் அப்படியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எதை, எத்தனை நாள், எதற்காக.

கே: செலவு கட்டுப்படியாகுமா? (வாசகர், திருநெல்வேலி)

ப: பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! சென்னைப் பக்கத்தவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்தப் பிரிவு உண்டு, மருந்து இலவசம்.

கே: எப்போது சித்த மருத்துவரிடம் போகக் கூடாது? (வாசகர், தர்மபுரி)

ப: நெஞ்சு அடைக்கும்போது. ஒரு பக்கம் கைகால் இழுக்கும்போது. பாம்பு கடித்தபோது, பச்சிலை தேடி ஓடும் நேரத்தில் விஷமுறிவு ஊசி போட்டு முடித்திருக்கலாம். உடனே 108.