ஆற்றில் கலந்த அமைதி

ஹைட்டியைத் தூக்கி நிறுத்தப் போன புண்ணியவான்களுக்கு ஒரு தனி வரம் உண்டு. அவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பணம் தீரும், படை திரும்பும், பெயர்ப்பலகை மாறும்; அந்த வரம் மட்டும் மாறாது.

பெயர்ப்பலகை விஷயத்தில் அவர்களுடைய உழைப்பைக் குறைசொல்ல முடியாது. 1993-லிருந்து 2001-க்குள் ஐ.நா. அங்கே ஐந்துக்குக் குறையாத தூதுக்குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. 2004-ல் அதிபர் அரிஸ்டீட், அமெரிக்கா ஏற்பாடு செய்த விமானத்தில் நாட்டைவிட்டுப் போன பிறகு வந்து இறங்கியது நிலைப்படுத்தும் படை. பெயரே அதுதான். பதின்மூன்று வருஷம் இருந்து நிலைப்படுத்தியது.

2010 ஜனவரி நிலநடுக்கம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸைச் சாய்த்துப் போட்டது. மிச்சமிருந்தவர்களை அக்டோபரில் நம் அமைதிக்காவலர்கள் கவனித்தார்கள். மிர்பலே ஊருக்குப் பக்கத்தில் நேபாள வீரர்களின் ஐ.நா. முகாம். நேபாளத்தில் அப்போது காலரா இருந்தது. முகாமின் மலக்கழிவு மெயே ஓடையில் இறங்கியது. ஓடை ஆர்ட்டிபோனித் ஆற்றில் சேர்ந்தது. அந்தத் தண்ணீரைத்தான் ஜனங்கள் குடித்தார்கள், அதில்தான் குளித்தார்கள், வயலுக்கும் அதையே பாய்ச்சினார்கள். நூறு வருஷமாகக் காலரா பதிவாகாத நாட்டில் எட்டு லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்தார்கள். இது அரசுக் கணக்கு. மலைக்கிராமங்களில் கணக்கில் ஏறாமலே புதைந்தவர்களை எந்தத் தூதுக்குழு எண்ணியது?

ஐ.நா. முதலில் மறுத்தது. பிறகு நிபுணர் குழு போட்டது. 2011-ல் அந்தக் குழு, கிருமி தெற்காசியாவினுடையது என்றும் ஆற்றில் மலம் கலந்தது என்றும் எழுதிவிட்டு, பல சூழ்நிலைகள் கூடி நேர்ந்த விளைவு இது, தனி ஆளோ ஒரு குழுவோ காரணமில்லை என்று முடித்தது. அதாவது மலம் தானாக எழுந்து நடந்துபோய் ஆற்றில் குதித்திருக்கிறது. சூழ்நிலைகள் கூடிச் சதி செய்தால் பாவம், ஒரு உலக நிறுவனம் என்னதான் செய்யும்?

பாதிக்கப்பட்ட ஐயாயிரம் பேர் சார்பில் இழப்பீடு கேட்டு மனு போனது. ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்து 2013 பிப்ரவரியில் ஐ.நா. பதில் எழுதியது: இந்த மனுக்கள் ஏற்புடையவை அல்ல. பொய் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வாங்க மாட்டோம் என்றுதான் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஐ.நா.வுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அங்கேயும் கதவை மூடினார்கள். 2016-ல் மேல்முறையீட்டிலும் அதே கதை. இத்தனைக்கும் இப்படிப்பட்ட கோரிக்கைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைப்போம் என்று ஹைட்டி அரசோடு செய்த ஒப்பந்தத்தில் ஐ.நா.வே ஒப்புக்கொண்டிருந்தது. அமைக்கவில்லை. வேறெந்த நாட்டிலும் இதுவரை அமைத்ததில்லை. அந்த மட்டில் பாரபட்சம் கிடையாது.

2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். காலரா பரவியபோது போதிய அளவு செயல்படவில்லை என்பதற்காக! வீட்டுக்குத் தீ வைத்தவன் தண்ணீர் வாளியோடு தாமதமாக வந்ததற்கு வருத்தம் தெரிவிப்பதுபோல. கூடவே 40 கோடி டாலர் திட்டம் ஒன்றும் அறிவித்தார். உறுப்பு நாடுகள் மனமுவந்து கொடுக்கலாம் என்றார்கள். மனம் உவக்கவில்லை, பத்தில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. இதே நிலைப்படுத்தும் படையைக் கட்டிக்காக்க, இதைவிடப் பெரிய தொகையை ஒரே ஆண்டுக்கு ஒதுக்கிய காலமெல்லாம் உண்டு.

இந்தப் படையில் இலங்கை ராணுவமும் இருந்தது. 2007-ல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கை வீரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சுரண்டப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்ததாக ஐ.நா.வின் உள்விசாரணையே சொன்னது. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்று 2017-ல் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. 2013-ல் இன்னொரு புகார் வந்தபோது விசாரிக்க இலங்கை அனுப்பியது யாரை? 2009 இறுதிப்போரில் தன் படைப்பிரிவின் மீதே போர்க்குற்றப் புகார்கள் இருந்த ஒரு தளபதியை. வேலிக்கு ஓணான் சாட்சி. முள்ளிவாய்க்காலை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தர்மப் பிரபுக்களையும் விட்டுவிடக் கூடாது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஹைட்டிக்கென்று ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு என்று 2015-ல் ப்ரோபப்ளிகாவும் என்.பி.ஆரும் கண்டுபிடித்தன. ஆறு லட்சம் இல்லை, ஆறாயிரமும் இல்லை. ஆறு. மறுகட்டுமானக் கமிஷனுக்கு இணைத்தலைவராக பில் கிளிண்டன் வந்தார். அவர் ஆட்சிக்காலத்தில் அமெரிக்க அரிசியைக் கொட்டி ஹைட்டி நெல் விவசாயியை ஒழித்தது தவறுதான் என்று 2010-ல் செனட் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அதைவிடப் பொருத்தமான தகுதி வேறென்ன வேண்டும்? நிலநடுக்கம் தொடாத வடகரையில், காரகோலில், நல்ல விளைநிலத்திலிருந்து குடியானவர்களைக் கிளப்பிவிட்டு ஆயத்த ஆடைப் பூங்கா எழுப்பினார்கள். அறுபதாயிரம் பேருக்கு வேலை என்றார்கள். அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஜனநாயகத்தையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். 2021 ஜூலையில் அதிபர் மொய்ஸ் கொல்லப்பட்டதும், வெளிநாட்டுத் தூதர்கள் கூடி ஓர் அறிக்கை விட்டார்கள். ஏரியல் ஹென்றி பிரதமரானார். வாக்குச்சீட்டு அச்சடிக்கும் செலவு மிச்சம். 2024-ல் வெளிநாடு போனவர் திரும்ப முடியவில்லை. விமான நிலையத்தை ஆயுதக் கும்பல்கள் முடக்கிவிட்டன. அவர் புவேர்ட்டோ ரிக்கோவில் நின்றார்.

அந்தக் கும்பல்களை அடக்க அடுத்து கென்யா தலைமையில் ஒரு படை. 2,500 பேர் என்றார்கள், ஆயிரம் பேரே தட்டுத்தடுமாறித்தான் சேர்ந்தார்கள். அந்தப் படைக்கு அனுமதி தந்த 2023 அக்டோபர் தீர்மானத்தில் பாதுகாப்புக் கவுன்சில் ஒரு வரி சேர்த்திருந்தது: நீரால் பரவும் நோய் நுழையாதபடி கழிவுநீரைச் சரியாகக் கையாள வேண்டுமாம். 2025 செப்டம்பரில் மறுபடியும் பெயர்ப்பலகை மாறியது. இந்த முறை 5,500 பேர், கும்பல் ஒடுக்கும் படை. போய் வாருங்கள் எஜமான்களே. குழாயை மட்டும் பார்த்துப் பொருத்துங்கள். போகும் வழியில் நியூயார்க்கில் இறங்கினால், நீங்கள் வாங்க மறுத்த அந்த ஐயாயிரம் பேரின் மனுக்களையும் ஒருமுறை பிரித்துப் படியுங்கள்.