டிகாஷன் வெப்பவியல்: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் புரட்டியவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: ராஜராஜன் அளக்காமல் எதையும் கொடுத்ததில்லை. நெல்லும் நெய்யும் இருக்கட்டும், சாமியின் திருமஞ்சன நீரில் போடும் ஏலம், செண்பக மொட்டு வரை கல்லில் வெட்டிவைத்த மண் இது. கலம், மரக்கால், நாழி, உழக்கு, ஆழாக்கு என்று இறங்கிச் செவிடு வரை போன ஜனங்கள், சூட்டை அளக்க மட்டும் ஒன்றும் செய்துவைக்கவில்லை. அந்தக் குறை பல நூற்றாண்டுகள் யாரையும் உறுத்தவுமில்லை. பிறகு காப்பி வந்தது.

வந்த கதைக்குள் இக்கட்டுரை போகாது. அதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதிவிட்டார். நம் கேள்வி சின்னது. பொடியின் தலையில் ஊற்றும் வெந்நீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

இப்பகுதியில் புழங்கும் வெப்ப அளவைகள் இவை: வெதுவெதுப்பு, கை பொறுக்கிற சூடு, நாக்கு பொறுக்கிற சூடு, துணி பிடித்து இறக்குகிற சூடு, கடைசியாகத் தளதள. முதல் மூன்றும் வெகு நுட்பமானவை. குழந்தையின் குளியல் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்க்கும் பாட்டியிடம் எந்தக் கருவியும் தோற்கும். ஆனால் துணிக்கும் தளதளவுக்கும் நடுவில் ஒரு கோடும் இல்லை. காப்பியின் தலையெழுத்து நிர்ணயமாவது சரியாக அந்த இடைவெளியில்தான் என்பதை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை.

இத்தாலிக்காரர்கள் கண்டுகொண்டார்கள். மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா 1901இல் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டார். அன்றைய இயந்திரம் நீராவியின் வேகத்தால் தண்ணீரைத் தள்ளியதில் காப்பி கருகிப்போனது. அதைச் சரிசெய்ய அரை நூற்றாண்டு பிடித்தது. இன்று வீட்டு மேடையில் உட்காரும் இயந்திரத்திலேயே ஒரு சின்னத் திரை இருக்கிறது. 93 என்று வைத்தால் 93ஐ ஒட்டியே நிற்கும். 90க்கும் 96க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது எஸ்பிரெஸ்ஸோ உலகின் பொது விதி. சூடு குறைந்தால் புளிப்பு மட்டும் முந்திக்கொண்டு இறங்கும், காப்பி நீர்த்துப்போகும். மிஞ்சினால் கசப்பும் காரலும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே பூகோளம் ஒரு விளையாட்டு விளையாடுகிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை இறங்கும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95இல் கொதித்துவிடும். கொடைக்கானலில் 93. ஆக, காப்பிச் செடி வளரும் மலையில் அடுப்பை மூட்டிவிட்டுச் சும்மா இருந்தாலே எஸ்பிரெஸ்ஸோக் கணக்கு கைகூடும். நெல் வளரும் தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர்கூட எழவில்லை. இங்கே 100க்கு ஒரு துளி கீழே. யோசிக்க வேண்டிய பொறுப்பு சமவெளிக்காரன் தலையில் விழுகிறது.

“கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள்” என்பது வெளிநாட்டுக் கையேடுகளின் உபதேசம். டெல்டாவுக்கு இது ஆகாது. பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரம் 250 கிராம், பொடி 30 கிராம், தண்ணீர் 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பாத்திரமும் பொடியும் 30 டிகிரியில் இருக்க, தளதளவென்ற தண்ணீரை ஊற்றினால், தன் வெப்ப எண்களைப் போட்டுப் பெருக்கிக் கூட்டி வகுத்ததில் கலவை 90இல் வந்து நிற்கிறது. பித்தளையும் பொடியும் பத்து டிகிரியை விழுங்கிவிட்டன. கையேட்டுக்குக் கட்டுப்பட்டு 93 வரை ஆறவிட்டு ஊற்றினால் கிடைப்பது 84. இறங்குவது டிகாஷன் அல்ல, பழுப்பு நிறத் தண்ணீர். அதே மேல் பாத்திரத்தை முதலில் வெந்நீரில் அலசி 80 டிகிரிக்குக் கொண்டுவந்து, துடைத்துப் பொடியைப் போட்டு ஊற்றினால் 94. பெஸ்ஸேராவின் வாரிசுகள் ஒரு திரையும் மின்சுற்றும் வைத்துச் சாதிப்பதை இங்கே ஒரு சொம்பு வெந்நீர் சாதிக்கிறது. (சொட்டி இறங்க ஆகும் கால்மணி நேரத்தில் மறுபடி ஆறுமே என்பார்கள். ஆறும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் சிக்கரி.)

மார்கழிக் காப்பியின் மர்மமும் இதில் விடுபடுகிறது. பனிக்காலத்து விடியற்காலையில் பித்தளை இருபதை ஒட்டிக் கிடக்கும்; சித்திரையில் முப்பத்தைந்தைத் தாண்டும். கணக்குப்படி டிகாஷனில் இரண்டு டிகிரி வித்தியாசம். வீட்டில் யாரும் பித்தளையைச் சந்தேகிப்பதில்லை. பால்காரரைச் சந்தேகிக்கிறார்கள், பொடி அரைத்த கடையை, பசுவை, கடைசியில் புதிதாக வந்த மருமகளை.

இயந்திரம் தஞ்சாவூருக்கு வந்தால் என்ன ஆகும்? மேல வீதியில் ஒரு வீடு. பெங்களூரிலிருந்து மகன் தூக்கிவந்திருக்கிறான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.

“அது என்னடா தொண்ணூத்தி மூணு?”

“டெம்பரேச்சர்ப்பா. நாமளே கூட்டிக் குறைச்சுக்கலாம்.”

“தொண்ணூத்தி மூணுன்னா ஜுரமே இல்லையேடா. கைகால் சில்லிட்டுப் போச்சுன்னு அர்த்தம்.”

அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒரே தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட் பேசுகிறது, அலமாரியில் அமிர்தாஞ்சனத்துக்குப் பக்கத்தில். அம்மா எண் பக்கமே போகவில்லை. இறங்கிய முப்பது மில்லியை வாங்கிய எவர்சில்வர் டம்ளரை வெளியே விரலால் தொட்டாள். “சூடு பத்தாது” என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், பொங்கி வந்த பாலில் கலந்து இரண்டு ஆற்று ஆற்றிக் கொண்டுவந்தாள். 93இல் பிறந்த டிகாஷனின் ஜாதகத்தை யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இக்கட்டுரையின் மையக் கருதுகோள் இங்கேதான் உருவாகிறது. காப்பிக்கு இரண்டு வெப்பங்கள்: இறங்கும் சூடு, குடிக்கும் சூடு. ருசியைத் தீர்மானிப்பது முதலாவது. டெல்டா மக்கள் சண்டை போடுவது இரண்டாவதற்காக. நம் டிகாஷன் ஆறித்தான் இருக்கும்; அதைச் சூடு பண்ணுவது மகாபாவம். சூட்டைக் கொண்டுவருவது பால். 35 டிகிரி டிகாஷன் ஒரு பங்கும் பொங்கிய பால் மூன்று பங்கும் சேர்ந்தால் 80ஐத் தாண்டும். டபராவில் ஆற்ற ஆற்ற எழுபதுக்கு இறங்கும். இத்தாலிக்காரர் பாலை 65க்கு மேல் ஏற்ற மாட்டார், ஏற்றினால் வெந்த வாடை வருமாம். அந்த வெந்த வாடையைத்தான் நாம் காப்பி மணம் என்று வளர்ந்திருக்கிறோம். 65ஐத் தாண்டிய பானங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. நெடுஞ்சாலையில் மைலுக்கொன்றாக நிற்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளை அது அசைத்ததாகத் தெரியவில்லை. அங்கே தரும் பித்தளை டபரா எவர்சில்வரைவிடச் சுமார் ஏழு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதாவது விரலைச் சுடும். விரல் சுட்டால் காப்பி சூடு என்று மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

எஞ்சியது கல்யாண வீட்டுக் காப்பி. விடிகாலை அண்டாவில் துணி கட்டி, படிக்கணக்கில் பொடியைக் கொட்டி, கொதிக்கிற தண்ணீரை அப்படியே சாய்க்கிறார் பரிசாரகர். அவ்வளவு தண்ணீருக்கு முன்னால் மெல்லிய துணி எதை விழுங்க முடியும்? சூடு நின்று இறங்குகிறது. அதனால்தான் அது வீட்டுக் காப்பியைவிட ஒரு படி மேல். அப்படியும் பிள்ளை வீட்டார் ஜாகையிலிருந்து “காப்பி சூடா இல்லே” என்று ஆள் வருவது ஏன் என்பதற்கு வெப்பவியலில் விடை இல்லை. சம்பந்திகளை ஆய்வுப் பொருளாக எடுக்க இவ்வாய்வாளருக்குத் துணிவும் இல்லை.