ஜப்பானில் வழி கேட்பவர்களுக்கு

கேள்வி: ஜப்பானுக்குப் பிரயாணம் போக உத்தேசம். வழி கேட்பதற்கு எத்தனை வார்த்தைகள் கற்றுக்கொண்டால் போதும்?

பதில்: கேட்பதற்கு மட்டும் என்றால் அரை நிமிஷப் பாடந்தான். ‘சுமிமாசென்’ என்று மன்னிப்புக் கோருகிறவர்போல் ஆரம்பித்து, போகவேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லி, அதன் வாலில் ‘வா தொக்கோ தெஸ் கா’ என்று சேர்த்துவிட்டால் கேள்வி பூர்த்தியாகிவிடும். ஆனால் எவ்வளவு திருத்தமாக இதை உச்சரிக்கிறீர்களோ, அவ்வளவுக்கு உங்களைப் பாஷை தெரிந்தவர் என்று நம்பி எதிரே நிற்பவர் மளமளவென்று பதில் சொல்லத் தொடங்கிவிடுவாராதலால், சற்றுத் தடுமாறிக் கேட்பதே விவேகம். நீங்கள் பாடம் பண்ணவேண்டியவை பதிலில் வரும் வார்த்தைகளே: மிகி என்றால் வலம், ஹிதாரி இடம், மஸ்ஸுகு நேரே, கதோ தெருமுனை, ஷிங்கோ சிக்னல். எல்லாவற்றிலும் முக்கியமானது ‘தெமாயே’. ‘கிங்கோ நோ தெமாயே’ என்று ஒருவர் சொன்னால், வங்கிக்குப் போய்ச் சேருமுன்பே, அதற்கு இப்பாலேயே, நீங்கள் தேடும் இடம் வந்துவிடுகிறது என்று அர்த்தம். இதைக் கவனியாமல் வங்கியைத் தாண்டிப் போனவர் அடுத்த ஆளிடம் மறுபடியும் சுமிமாசென் சொல்ல நேரும்.

கேள்வி: தமிழ் பேசுகிறவனுக்கு இதில் ஏதாவது சலுகை உண்டா?

பதில்: இங்கிலீஷ்காரருக்குக் கிட்டாத சலுகை உண்டு. ‘மஸ்ஸுகு இத்தே, ஃபுதாத்ஸுமே நோ ஷிங்கோ ஓ மிகி நி மகத்தே’ என்று ஜப்பானியர் சொல்லுவதை, வரிசை பிசகாமல் ‘நேரே போய், இரண்டாவது சிக்னலை வலப்பக்கம் திரும்பி’ என்று நாம் அப்படியே வாங்கிக்கொள்ளலாம். வினையெச்சத்தின்மேல் வினையெச்சமாக அடுக்கிக்கொண்டு போய், முற்றுவினையைக் கடைசியில் வைக்கும் சுபாவம் இரண்டு மொழிகளுக்கும் பொது. கொக்கோ, ஸொக்கோ, அஸொக்கோ, தொக்கோ என்பவையும் இங்கே, உங்கே, அங்கே, எங்கே என்பவைதாம். எதிரே நிற்பவர் அருகிலுள்ள இடத்தைக் காட்டும் அந்த ‘உங்கே’ தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துவிட்டதாதலால், இவ்விஷயத்தில் யாழ்ப்பாணத்தார் நம்மைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று ஸுஸுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் நெடுங்காலம் வாதாடினார். மொழிநூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நடுத்தெருவில் நிற்பவர் அந்த வழக்குத் தீரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

கேள்வி: கையில் விலாசம் இருக்கும்போது வாயைத் திறப்பானேன்?

பதில்: டோக்கியோ விலாசத்தில் தெருவின் பெயர் இராது, பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டையின் பெயர், அதில் ஒரு பகுதியின் எண், நாற்புறமும் தெரு சூழ்ந்த மனைத்தொகுதியின் எண், பிறகு வீட்டின் எண் என்று அது போகும். இம்முறையை வகுத்தது 1962-ஆம் வருஷத்துச் சட்டம். அது அமலாகாத இடங்களில் நிலத்தின் பதிவு எண்ணே விலாசமாக நீடிப்பதால், பக்கத்து வீடு பக்கத்து எண்ணாக இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. கியோட்டோவிலோ தெருப் பெயர்கள் உண்டு. ஆனால் அரண்மனை வடக்கே இருந்த காரணத்தால், வடக்கே போவதை ‘ஏறுதல்’ என்றும் தெற்கே போவதை ‘இறங்குதல்’ என்றும் சம்பிரதாயம். அங்கே மேடு எங்கே என்று தேடாதீர்கள்.

கேள்வி: யாரைக் கேட்பது உத்தமம்?

பதில்: கோபான் என்னும் போலீஸ் சாவடியில் இருப்பவரை. வட்டாரப் படத்தை விரித்து வழி காட்டுவது அவருடைய அன்றாட அலுவல்களில் ஒன்று. நம்மூர்ப் பழக்கத்தை நினைத்துத் தயங்கவேண்டாம். வழிப்போக்கரைக் கேட்கும்போது, அவர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை உறிஞ்சி, ‘ச்சோட்டோ’ என்று இழுத்தாரானால், தமக்குத் தெரியாது என்கிறார். மேலும் வற்புறுத்துவது ஹிம்சை. ரயிலில் வந்திறங்கினால், எந்த வாயில் என்பதை உள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஷின்ஜுகு நிலையத்துக்கு வாயில்கள் 200-க்கு மேல். நடைபாதைப் படங்கள் பலவற்றில் மேற்புறம் வடக்கல்ல, நீங்கள் எதை நோக்கி நிற்கிறீர்களோ அந்தத் திக்கு. ஆதலால் படத்தை முழுவதும் பார்த்து முடித்த பிறகே திரும்புங்கள்.